காவலரும் காகிதமும்

சென்ற திங்கள் ஒரு மாலை வேளையில் நம் சங்கத்துக்கு அம்மையார் ஒருவர் வந்தார். கரமனையில் குடியிருப்பவர். கணவர் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். நெல்லைச் சீமையை விட்டு இங்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனை, ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் களவுபோனது பற்றிக் கேட்க வேண்டும் என்று காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்திருக்கின்றனர். பையன் போனான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தனர்; சில கேள்விகள் கேட்டனர்; மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டனர். அடிக்கவுமில்லை, வையவுமில்லை.

“ஆனால் ஐயா, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாய் வீட்டில் யாரும் தூங்கவில்லை. போகலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

“அந்தத் தாள் என்ன தாள் என்று கேட்டீர்களா?” என்றோம்.

“கேட்கலாமா? வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று இருந்துவிட்டோம்” என்றார்.

நேயர்களே, “வந்த இடத்தில் வம்பு எதற்கு?” என்னும் இச்சொல் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மந்திரம் போல் ஒலித்து வருவது. பிழைக்க வந்தவன் பணிந்து போக வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட வழி. பணிவு நல்லதே, அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் பணிவு வேறு, அறியாமை வேறு. காவலருக்குச் சட்டம் எவ்வளவு அதிகாரம் தந்திருக்கிறது, அவ்வதிகாரத்துக்கு எங்கே எல்லை வகுத்திருக்கிறது என்பதை அறிந்து பணிபவன் நிமிர்ந்து நடக்கலாம். அறியாமற் பணிபவன் மூன்று நாள் உறக்கம் இழக்கிறான். ஆகலின் இத்திங்கள் இப்பகுதியை அப்பொருளுக்கே ஒதுக்கினோம்.

நீண்ட காலம் வழக்கிலிருந்த 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இப்போது இல்லை. அதனிடத்தில் 2023 இல் இயற்றப்பெற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம் 2024 ஜூலை 1 ஆம் நாள் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. காவலரின் அதிகாரங்கள் பெரும்பாலும் இதிலேதான் உள்ளன. அவை சிறியன அல்ல. பிடியாணை இல்லாமலே ஒருவரைக் கைது செய்யலாம், வீட்டைச் சோதனையிடலாம், களவுப் பொருள் என ஐயுற்றதைக் கைப்பற்றலாம், சாட்சிகளை அழைத்துக் கேட்கலாம், எதிர்த்து நிற்பவரை அடக்கத் தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். இவ்வளவு அதிகாரத்தை ஒரு மனிதர் கையில் கொடுத்த சட்டம், ஒவ்வோர் அதிகாரத்தோடும் ஒரு கடமையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அக்கடமை பெரும்பாலும் ஒரு காகிதமாக இருக்கிறது. “செய், ஆனால் எழுதிச் செய்” என்பதே சட்டத்தின் கட்டளை. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் அழைப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க விரும்பும் காவல் அதிகாரி எழுத்து மூலம் ஆணையிட்டு அழைக்க வேண்டும் என்கிறது 179 ஆம் பிரிவு. பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், உடலோ மனமோ குறைபாடுற்றோரையும், கடும் நோயாளிகளையும் நிலையத்துக்கு வருமாறு வற்புறுத்தலாகாது; அவர்கள் இருக்கும் வீட்டிலேயே சென்று கேட்க வேண்டும். குற்றம் செய்தவர் என ஐயுறப்படுபவராயினும், அக்குற்றத்துக்கு உரிய தண்டனை ஏழாண்டுக்கு மேற்படாததாயின், கைது செய்தே தீர வேண்டும் என்பதில்லை. 35 ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து அழைக்கலாம். அதற்கு இணங்கி வருபவரைக் கைது செய்வதாயின் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இந்த அறிவிப்பையும் வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாது, சட்டம் சொன்ன முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும் என்று 2025 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்நாளில் “டிஜிட்டல் கைது” என்று ஒரு மோசடி உலவுகிறது. காவல் உடை தரித்த ஒருவன் தொலைபேசித் திரையில் தோன்றி, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, அறையை விட்டு அசையாதீர், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுவீர் என்பான். படித்தவர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் இதில் ஏமாந்திருக்கின்றனர். திரை வழியாகக் கைது செய்யும் முறை எதுவும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, நாமே புகார் கொடுக்கச் செல்லும் இடம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாராயின், அது எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பலாகாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பது 173 ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொண்டு, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை விலையின்றித் தர வேண்டும். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுடைய சில குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் இசைவுடன் 14 நாள்களுக்குள் முதனிலை விசாரணை செய்து பார்க்கலாம். பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிடலாம். இரயிலில் நகையைப் பறிகொடுத்து, நாகர்கோவிலா திருவனந்தபுரமா என்று இரண்டு நிலையங்களுக்கிடையே அலையும் நம்மவர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

கைது என்பது எல்லாவற்றிலும் பெரிய அதிகாரம். அதற்குத்தான் காகிதமும் மிகுதி. கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும்; குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரில் மதிக்கத்தக்க ஒருவரோ அதில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும்; கைதானவரும் கையொப்பமிட வேண்டும். அவர் விரும்பும் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்ல வேண்டும். விசாரணையின்போது தம் வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் விசாரணை முழுதும் வக்கீல் உடனிருக்க இயலாது. கைதான உடன் மருத்துவர் பரிசோதித்து, உடலில் காயமிருப்பின் குறித்து, அறிக்கையின் நகலை அவருக்கே தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பே தந்த உறுதி. தனிப்பட்ட காரணங்கள் இருந்தாலன்றிப் பெண்களைப் பொழுது சாய்ந்த பின்னும் விடியும் முன்னும் கைது செய்யலாகாது. அப்போதும் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்டிரேட்டின் முன் இசைவு பெற்றே செய்ய வேண்டும்.

சோதனையும் அவ்வாறே. 105 ஆம் பிரிவின்படி வீட்டுச் சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கைப்பற்றியவற்றுக்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகளின் கையொப்பம் பெற வேண்டும்.

இத்தனை காகிதமும் எதற்கு என்று சிலர் எண்ணலாம். எழுத்து இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்கு நாம் வாழும் இம்மாநிலத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 ஆம் நாள், கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் காவலரால் அழைத்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பது பின்னால் தெரிந்தது. தந்தை ஈச்சர வாரியர் மகனைத் தேடி அதிகாரிகளின் வாயிற்படிகள்தோறும் ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை நீங்கிய பின் 1977 இல் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. பிடித்ததற்கு எழுத்து ஏது? கண்டவர் சொன்ன சாட்சியத்தைக் கொண்டே, பிடித்தது உண்மை என்று கேரள உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. அப்போது முதலமைச்சராயிருந்த கருணாகரன் 1977 ஏப்ரலிற் பதவி விலகினார். ஆயினும் தந்தைக்கு மகனுடைய உடல் கூடக் கிடைக்கவில்லை. அவர் 2006 இற் காலமானார்.

மற்றொன்று, நம் கண்முன்னே, சாலைக் கடைத்தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நிகழ்ந்தது. 2005 செப்டம்பர் 27 ஆம் நாள், ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இருந்த உதயகுமார் என்னும் இளைஞரைக் கோட்டைக் காவல் நிலையத்தார் அழைத்துச் சென்றனர். அவரிடம் 4,020 ரூபாய் இருந்தது. அது திருட்டுப் பணமோ என்பது ஐயம். அன்றே அவர் இறந்தார். அவர் உடலில் பலத்த காயங்கள் இருந்தமையை மருத்துவ ஆய்வு காட்டியது. திருட்டு வழக்கென்று ஒன்று எழுதப்பட்டதே அவர் இறந்த பின்னர்தான் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். தாயார் பிரபாவதி அம்மா விடாது போராடினார். அவர் வேண்டுகோளின்மேல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018 ஜூலையில், இந்நகரத்துச் சிறப்பு நீதிமன்றம் காவலர் இருவருக்கு மரண தண்டனையும், வேறு அதிகாரிகள் சிலருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. 2025 ஆகஸ்டில், விசாரணையிற் பெருங்குறைகள் உள்ளன என்று கூறி உயர் நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கி அவர்களை விடுவித்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அன்று. அது நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் ஒன்று மட்டும் நம் நெஞ்சை அழுத்துகிறது. ஓர் இளைஞர் உயிரோடு நிலையத்துக்குள் போனார். பிணமாக வெளியே வந்தார். இடையில் நிகழ்ந்தது இன்னது என்பதை ஐயமின்றி நிலைநாட்ட இருபது ஆண்டுகள் போதவில்லை. முதல் நாளில் முறையாக எழுதப்படாத ஒரு பக்கத்தைப் பின்னர் எந்த நீதிமன்றத்தாலும் எளிதாக எழுதிவிட முடிவதில்லை. நேர்மையான காவலருக்கும் இது பொருந்தும்: உரிய நேரத்தில் எழுதிய கைதுக் குறிப்பும் மருத்துவர் அறிக்கையும் உள்ளவர்மேல் வீண்பழி ஒட்டாது. எழுத்து மக்களுக்கு மட்டும் காவல் அன்று, காவலருக்கும் காவல்.

இந்த விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதும் அறியத்தக்கது. ஒடிசாவில் 1987 டிசம்பரிற் காவலர் அழைத்துச் சென்ற தம் மகன் மறுநாள் இரயிற் பாதையருகே பிணமாய்க் கிடக்கக் கண்ட நீலாபதி பெஹரா என்னும் தாய், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம் 1993 இல் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி. கே. பாசு, காவலில் நிகழும் சாவுகள் பற்றி 1986 இல் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் மனுவாயிற்று, 1996 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அதில் வகுத்த பதினொரு கட்டளைகளில் உள்ளவையே, நாம் மேலே கூறிய பெயர் அடையாளமும் கைதுக் குறிப்பும் மருத்துவப் பரிசோதனையும். சாதாரண மனிதர் எழுதிய கடிதங்கள் நாட்டின் சட்டமாய் விளைந்தன. எழுதுவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

வாக்குமூலம் பற்றியும் ஒரு சொல். காவலரிடம் சாட்சி சொல்பவர் உண்மையே சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் தம்மைக் குற்றத்திற் சிக்கவைக்கும் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவரல்லர். அவ்வாறு அதிகாரி எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில், சொன்னவர் கையொப்பமிட வேண்டியதில்லை என்று 181 ஆம் பிரிவு கூறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காவலரிடம் சொன்ன சொல், ஒப்புதலாக நீதிமன்றத்திற் செல்லாது. அடித்து ஒப்புதல் வாங்குவது குற்றம். ஏழாண்டு வரை தண்டனைக்குரியது. 1860 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே, இக்குற்றத்துக்கு எடுத்துக்காட்டாகக் குறிக்கப்பட்டவர் ஒரு போலீஸ் அதிகாரிதான் என்பது நோக்கத்தக்கது.

இனி மொழி. இதுவே புலம்பெயர்ந்தோராகிய நமக்கு உயிரான செய்தி. கைது செய்வதற்கான காரணத்தை எழுத்தில், அதுவும் கைதாகிறவருக்கு விளங்கும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 6 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர இயலாவிடின் வாயாற் சொல்ல வேண்டும். மாஜிஸ்டிரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாகவேனும் எழுத்துப் படி கையிற் சேர வேண்டும். எந்தக் குற்றமாயினும் இவ்விதி பொருந்தும். ஆகவே, “எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது, தமிழில் விளக்குங்கள்” என்று கேட்பது முரட்டுத்தனம் அன்று, சட்டம் தந்த உரிமை. பேசும் முறைக்கும் நெறி உண்டு. மக்களை “எடா, எடீ, நீ” என்று விளிப்பதைக் காவலர் விட்டொழிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021 இற் கூறியது. காவல்துறைத் தலைவரும் அதனைச் சுற்றறிக்கையாக அனுப்பினார்.

உரிமை பேசும் நாம் கடமையையும் பேச வேண்டும். பெயரும் முகவரியும் பொய்யாகச் சொல்லலாகாது. முறையான அறிவிப்பு வந்தால் போகாமல் ஒளிந்துகொள்ளலாகாது. பணியாற்றும் காவலரைத் தடுத்தலோ கைகலத்தலோ கூடாது. காவலரும் நம்மைப் போல் குடும்பம் உடையவர்; இரவும் பகலும் விழித்திருப்பவர். 2008 இல் தொடங்கிய ஜனமைத்திரித் திட்டத்தின்கீழ்க் காவலர் வீடு தேடி வந்து நலம் கேட்பதும் இந்நகரத்தில் நாம் அறிந்ததே. அவ்வாறு வருபவரைக் கண்டு கதவடைப்பதும் சரியன்று.

வீட்டில் செய்துவைக்கத் தக்கவை சில உண்டு. நிலையத்துக்குத் தனியே செல்லாமல் ஒருவரை உடனழைத்துச் செல்க. சென்ற நேரம், பேசிய அதிகாரியின் பெயர், திரும்பிய நேரம் ஆகியவற்றை அன்றே குறித்துவைக்க. படிக்காத தாளிற் கையொப்பமிடற்க. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க. வக்கீலுக்குப் பணமில்லையே என்று வருந்த வேண்டாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் பட்டியல் இனத்தவரும் காவலில் உள்ளோரும் வருமானக் கணக்கின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்னும் எண்ணில் அழைக்கலாம். காவலர்மேல் உண்மையான குறையிருப்பின், 2011 ஆம் ஆண்டுக் கேரளப் போலீஸ் சட்டத்தின்கீழ் அமைந்த புகார் ஆணையங்களுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.

கரமனை அம்மையாருக்கு இவற்றையே சொன்னோம். நம் சங்கத்து வக்கீல் நண்பர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினோம். மறுநாள் பையனும் தகப்பனாரும் அவருமாக நிலையத்துக்குச் சென்று, எழுத்தில் அழைப்புத் தருமாறு பணிவாகக் கேட்டிருக்கின்றனர். அதிகாரி சிறிது முகஞ் சுளித்தாராம். ஆயினும் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். முன்னர் வாங்கிய தாளையும் எடுத்து உரக்கப் படித்துக் காட்டினார். அது சாட்சியாகப் பையன் சொன்னது, கையொப்பமே தேவைப்படாதது. புதிய அழைப்பிலும் “சாட்சி” என்றே எழுதியிருந்தது. களவுபோன வண்டியைத் தெருமுனையில் யாரோ தள்ளிக்கொண்டு போனதைப் பையன் பார்த்தானாம்; அவ்வளவே.

“சாட்சி என்ற ஒரு வார்த்தைக்காகவா ஐயா, மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தோம்?” என்று அந்தத் தாய் கேட்டார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டதாக நேற்றுச் சொல்லியனுப்பினார்.